மறதி நோயும் மாநிலத் திட்டமும்: கேள்வி பதில்

முதியோர் நலப் பணியில் நீண்ட காலம் ஈடுபட்டவன் என்ற முறையில், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்குத் தமிழ்நாட்டில் அரசு என்ன செய்கிறது, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். இந்நோய்க்கென்று மாநில அளவில் தனித் திட்டம் வேண்டும் என்பது என் நிலைப்பாடு; கீழே 'மாநிலத் திட்டம்' என்று நான் சொல்வது அதைத்தான்.

கும்பகோணத்திலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 72 வயது. மறதி நோய் என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டார். மருந்துச் சீட்டைத் தவிர எங்கள் கையில் எதுவும் இல்லை. அடுத்து யாரிடம் போவது?

அம்மா, இந்தக் கேள்விக்கு ஒரே முகவரியைச் சொல்ல முடியாமல் இருப்பதுதான் இன்றைய குறை. சிகிச்சை மக்கள் நல்வாழ்வுத் துறையிடமும், முதியோர் இல்லங்கள் சமூக நலத் துறையிடமும், ஊனச் சான்று தொடர்பான உதவிகள் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடமும், முதியோர் ஓய்வூதியம் வருவாய்த் துறையிடமும் இருக்கின்றன. நோயாளியை விட்டு ஒரு மணி நேரம் நகர முடியாத ஒருவரை நான்கு அலுவலகப் படிகளில் ஏறச் சொல்வது நியாயமல்ல. மாவட்டந்தோறும் ஒரு பொறுப்பாளரை நியமித்து, நோய் உறுதியான அன்றே குடும்பத்தை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். மாநிலத் திட்டத்தின் முதல் வரி அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்போதைக்கு முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனை எண் 14416 இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மதுரை வாசகர்: எத்தனையோ நோய்கள் இருக்க, இதற்கு மட்டும் ஏன் தனித் திட்டம்?

2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் விகிதம் கூடுதலாக இருந்தது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் முதியோரின் பங்கு 2021இல் 13.6 விழுக்காடு, 2031இல் அது 18.2 விழுக்காடாகும் என்பது அரசின் கணிப்பு. கிராமத்து மூதாட்டிகளே அதிகம் பாதிக்கப்படும்போது, நினைவாற்றல் சிகிச்சை மையங்களைப் பெருநகரங்களில் மட்டும் திறப்பது போதாது.

சேலம் வாசகர்: வயதானால் மறதி வருவது இயல்புதானே?

சிறு மறதி இயல்புதான், அன்றாட வாழ்வைக் குலைக்கும் மறதி இயல்பல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரலாம், இவை சரிசெய்யக்கூடியவை. அதனால்தான் தொடக்கப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறோம்.

நாகர்கோவில் வாசகி: பக்கத்தில் கேரளத்தில் நிலைமை மேம்பட்டது என்கிறார்களே?

ஓரளவு உண்மை. மறதி நோய்க்கென்று மாநில அளவில் முதலில் முயற்சி எடுத்தது கேரளம்தான். 1992இல் அங்கே தொடங்கப்பட்ட ஆல்சைமர் (மறதி நோயின் மிகப் பரவலான வகை) சங்கத்தோடு அரசு கைகோத்துப் பகல்நேரப் பராமரிப்பு மையத்தையும் உறைவிட மையத்தையும் நடத்தியது. அதைவிட முக்கியமாக, 2008இலேயே வலிதணிப்புச் சிகிச்சைக்குத் தனிக் கொள்கை வகுத்து, வீட்டுக்குச் சென்று கவனிக்கும் பணியை உள்ளாட்சிகளிடம் சேர்த்தார்கள். இருந்தாலும் அங்கும் மையங்களின் எண்ணிக்கை தேவைக்குப் போதவில்லை. கட்டடங்களைக் காட்டிலும் உள்ளாட்சிப் பொறுப்பைத்தான் நாம் அங்கிருந்து கற்க வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து ஒரு சுகாதாரத் தன்னார்வலர்: எங்களைப் போன்றோரால் இதில் என்ன செய்ய முடியும்?

சகோதரி, என் நம்பிக்கையில் பெரும்பகுதி உங்களைப் போன்றோர் மீதுதான் இருக்கிறது. 1978இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவைக் கண்ட மாநிலம் இது. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது. ஆனால், படுக்கையில் கிடத்திக் குணப்படுத்தும் நோயல்ல இது; எட்டு, பத்து ஆண்டுகள்கூட வீட்டிலேயே நீளக்கூடியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க நீங்கள் ஏற்கெனவே வாசல் ஏறுகிறீர்கள். "தெரிந்த வழியைத் தவறவிடுகிறாரா, சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்கிறாரா, காசு எண்ணத் தடுமாறுகிறாரா" என்று அங்கே கூடவே விசாரித்துக் குறித்துக்கொண்டால், நோய் ஆண்டுக்கணக்கில் முன்னதாகவே தெரியவரும். அதற்கு உங்களுக்கு முறையான பயிற்சியும் கூடுதல் ஊதியமும் தர வேண்டும். இருக்கும் சுமையின் மேல் இன்னொரு படிவத்தை மட்டும் ஏற்றினால் திட்டம் தாளோடு நின்றுவிடும். இரத்த அழுத்தம், சர்க்கரை, செவித்திறன் குறைவு ஆகியவற்றைக் கவனிப்பதும் இந்நோயின் வாய்ப்பைக் குறைக்கும் என்பதால், நீங்கள் இன்று செய்யும் வேலையே தடுப்புப் பணிதான்.

ஈரோடு வாசகர்: அப்பாவுக்கு மாற்றுத்திறனாளி சான்று கிடைக்குமா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மறதி நோய் தனிப் பெயரோடு இல்லை. பொதுவாக மனநோய் என்ற வகையில் மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு பாதிப்பு இருக்க வேண்டும். மருத்துவக் குழுவின் முன் செல்லும்போது நோயறிதல் ஆவணங்களோடு, உடுத்துதல், உண்ணுதல், கழிப்பறை செல்லுதல் ஆகியவற்றில் அவருக்குத் தேவைப்படும் உதவியை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

கோவை வாசகர்: பவர் பத்திரம் வாங்கிவைத்தால் அப்பாவின் வங்கிக் கணக்கை நான் கவனித்துக்கொள்ளலாமா?

பலரும் இடறும் இடம் இது. பத்திரம் எழுதிக்கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது என்பதே நம் நாட்டுச் சட்ட நிலை. அதன் பிறகு காப்பாளராக நியமிக்கக் கோரிக் குடும்பங்கள் உயர் நீதிமன்றம் வரை செல்ல நேர்கிறது. எனவே, நோயின் தொடக்கத்தில், அவருக்குத் தெளிவு இருக்கும்போதே, அவர் விருப்பத்தோடு கூட்டுக் கணக்கு, வாரிசு நியமனம், உயில் ஆகியவற்றை முடித்துவிடுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி, சிகிச்சை முடிவுகளுக்கான பிரதிநிதியையும் அவர் நியமிக்கலாம். எளிய காப்பாளர் நியமன முறை வேண்டும் என்பதை மாநிலத் திட்டத்தில் தனி அத்தியாயமாகவே சேர்க்க வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மருமகள்: மாமியாரைக் கவனிக்க ஆசிரியர் வேலையை விட்டுவிட்டேன். இரவில் அவர் தூங்குவதில்லை, நானும் தூங்கவில்லை. எனக்கு என்ன வழி?

அம்மா, அரசுத் திட்டங்களில் நோயாளிக்குப் பதிவேடு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. 2017இல் உலக சுகாதார அமைப்பு வகுத்த செயல்திட்டம், பராமரிப்பாளருக்கான ஆதரவை ஏழு செயல்களங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஒன்றியத்துக்கு ஒரு பகல்நேர மையமும், ஆண்டில் சில வாரங்களாவது நோயாளியைத் தங்கவைத்துக் குடும்பத்துக்கு ஓய்வு தரும் இடமும், வேலையை இழந்தவர்களுக்கு மாத உதவித்தொகையும் வேண்டும் என்று நாங்கள் தொடர்ந்து கேட்டுவருகிறோம். அவை வரும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது. கணவரையும் அவருடைய உடன்பிறந்தோரையும் உட்காரவைத்து, வாரத்தில் இரண்டு இரவுகளையாவது அவர்கள் ஏற்க வேண்டுமென்று தேதி குறித்துக் கேளுங்கள். மாமியாரின் பகல் தூக்கத்தைக் குறைத்து, மாலையில் சற்று நடக்கவையுங்கள். இரவு உறக்கமின்மைக்கு வலியோ, சிறுநீர்த் தொற்றோ, மாத்திரையோ காரணமா என்று மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்; அப்போது உங்கள் உடல்நிலையையும் அவரிடம் சொல்லுங்கள்.