"நிம்மதியாகப் படுக்கட்டும்" என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ராடு வைத்து ஆபரேஷன் செய்து ஐந்து வாரம் ஆகிறது. விழுகிற வரைக்கும் கடை, கோயில் என்று தானாகவே நடந்துகொண்டிருந்தவர். ஆஸ்பத்திரியில் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தபோது வலியில் அலறிவிட்டார், அதோடு நாங்களும் விட்டுவிட்டோம். இப்போது மூத்திர டியூப், டயபர், கஞ்சி என்று படுத்த படுக்கை. இரண்டு நாளாக வால் எலும்புப் பக்கம் சிவந்து லேசாகத் தோல் உரிந்திருக்கிறது. ராத்திரியில் யாரையோ கூப்பிட்டுச் சத்தம் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வரும் நாத்தனார்கள், "வயசான காலத்தில் அம்மாவைப் போட்டுப் படுத்தாதே, நிம்மதியாகப் படுக்கட்டும்" என்கிறார்கள். அத்தை இனி எழுந்து நடப்பாரா? வாட்டர் பெட் வாங்கலாமா? ஆயா வைக்கலாமா? தலைக்கு ஊற்றலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்:

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்தச் சிவப்பு. உரிந்த இடத்தைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள சிவந்த தோலை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்துப் போய்த் திரும்பச் சிவந்தால் ரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் உள்ளே சதை நசுங்க ஆரம்பித்துவிட்டது. மாநிறம், கறுப்பு நிறம் உள்ளவர்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடாக, கெட்டியாக, சுற்றியுள்ள தோலைவிடக் கருத்து இருக்கிறதா என்று பாருங்கள். தோல் உரிந்திருப்பதால் உங்கள் அத்தைக்குப் படுக்கைப்புண் இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பயப்படாதீர்கள், இந்த நிலையில் பாரத்தை எடுத்துவிட்டாலே பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் இதை விட்டுவிட்டால் எலும்பு வரைக்கும் குழி விழும், பிறகு மாதக்கணக்கில் டிரெஸ்ஸிங்தான்.

பாரத்தை எடுப்பது என்றால், அத்தை இனி மல்லாந்து படுக்கக் கூடாது. இடம், வலம், இடம், வலம், அவ்வளவுதான். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள். ராத்திரியிலும் அப்படியே செய்யுங்கள் என்று புத்தகத்தைப் பார்த்து நான் எழுதிவிடலாம், நீங்கள் ஒரு வாரத்தில் காய்ச்சலில் விழுவீர்கள். நல்ல ஏர் பெட் இருந்தால் ராத்திரியில் கொஞ்சம் நீட்டலாம், எப்படியும் நாலு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. முழுசாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பு ஓரத்து எலும்பில் அடுத்த புண் வரும். அதனால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி, 30 டிகிரி சாய்ந்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்கால் அடியில் இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் இருக்கிற மாதிரி. வால் எலும்புக்கு அடுத்தபடியாகப் புண் வருகிற இடம் குதிகால்தான், யாருமே சாக்ஸைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

நகர்த்தும்போது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ இழுக்காதீர்கள். பழைய பருத்தி வேட்டி ஒன்றை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் விரித்து வையுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் வேட்டியைப் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் தோல் உராயாது, உங்கள் முதுகும் தப்பிக்கும். அப்புறம், தலைப்பக்கம் தூக்கி வைத்துச் சாய்ந்த வாக்கில் மணிக்கணக்கில் டி.வி. பார்க்க வைக்கிறீர்களா? அதில் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுக்கும், வால் எலும்புத் தோல் உள்ளுக்குள்ளேயே கிழியும். சாப்பாட்டு நேரத்துக்கும் அதற்குப் பிறகு அரை மணிக்கும் மட்டும் நிமிர்த்தி வையுங்கள்.

புண்ணில் பவுடர், மஞ்சள், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். சிவந்த இடத்தைத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்துவிடுவதும் கூடாது, நசுங்கிய சதையை இன்னும் நசுக்குகிற வேலை அது. நடுவில் ஓட்டை வைத்த காற்று ரிங்கையும் வாங்காதீர்கள், ஓட்டையைச் சுற்றியுள்ள விளிம்பு அழுத்தி ரத்தத்தைத் தடுக்கும். சலைன் தண்ணீரில் கழுவி, நர்ஸ் சொல்லும் டிரெஸ்ஸிங்கைப் போட்டால் போதும். கறுத்துப் போனாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள்.

வாட்டர் பெட் வேண்டாம் என்பது என் கருத்து. அதில் உட்கார வைப்பது பெரும்பாடு, ஓரத்துக்கு வந்தாலே அமுங்கும். குமிழ் குமிழாக மாறி மாறிக் காற்று ஏறி இறங்கும் ஏர் பெட் சில ஆயிரங்களில் கிடைக்கிறது, அது போதும். அதன் மேல் ஒரு பருத்தித் துணி மட்டும் விரியுங்கள். ரப்பர் ஷீட், போர்வை, கம்பளி என்று அடுக்கினால் ஏர் பெட் வாங்கிய காசு வீண். அதை வாங்கிவிட்டோம், இனி திருப்பிப் போட வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறைய பேர், அப்படி இல்லை.

சரி, இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். அத்தையைப் படுக்கையில் வைத்திருப்பது முறிந்த எலும்பு இல்லை, ஐந்து வாரமாகப் படுத்திருப்பதுதான். ராடு வைப்பதே அடுத்த நாளே காலை ஊன்றி நிற்கட்டும் என்றுதான். நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் சும்மா படுக்க வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2007ல் வந்தது, அதில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை குறைந்திருந்தது. நோய் இல்லாதவர்களுக்கே பத்து நாளில் அந்தக் கதி. அத்தை ஐந்து வாரம் படுத்திருக்கிறார், அதுவும் கஞ்சியைக் குடித்துக்கொண்டு. இப்போது நிற்கச் சொன்னால் கால் மடங்கத்தான் செய்யும், அதைப் பார்த்து "பார், முடியவில்லை, விட்டுவிடு" என்பார்கள், இன்னும் ஒரு வாரம் படுப்பார், இன்னும் சதை போகும். நாத்தனார்கள் சொல்கிற நிம்மதி இதுதான். புற்றுநோய் முற்றிய நிலையில், கடைசி நாட்களில் இருப்பவரை எழுப்பி உட்கார வைக்காதீர்கள் என்று நானே சொல்வேன். உங்கள் அத்தை அந்த இடத்தில் இல்லை.

நாளைக்கே ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: காலை முழுசாக ஊன்றலாமா, பாதி பாரம்தானா? பெரும்பாலும் முழுசாக ஊன்றலாம் என்பார், ஆனால் அவர் வாயால் வர வேண்டும். (இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: உங்கள் வீட்டில் ராடு இல்லாமல் பந்து மூட்டு மாற்றியிருந்தால் கட்டுப்பாடுகள் வேறு. தாழ்வான நாற்காலி, சம்மணம், கால் மேல் கால் எல்லாம் மூட்டைக் கழற்றிவிடக் கூடும், கேட்டுக்கொள்ளுங்கள்.) வலி மாத்திரையை எப்போது கொடுக்கிறீர்கள்? ராத்திரி தூங்குவதற்கு மட்டும் என்றால் தப்பு. உட்கார வைப்பதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் கொடுக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். அன்றைக்கு அலறினாரே, வலியோடு நிற்க வைத்ததால்தான்.

முதல் வேலை நடை இல்லை, உட்காருவது. ஒருக்களித்துப் படுத்த நிலையிலிருந்து இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்கி, அதே நேரம் தோளைத் தூக்கினால் சுலபமாக எழுந்துவிடுவார். பாதம் தரையில் முழுசாகப் படிய வேண்டும், எட்டவில்லை என்றால் ஒரு மணையைப் போடுங்கள். முதல் நாள் தலை சுற்றும், முகம் வெளுக்கும், உடனே படுக்க வைத்துவிட்டு மறுபடி சாயங்காலம் பாருங்கள். ஐந்து நிமிடம் பத்தாகும், பத்து இருபதாகும். புண் இருப்பதால் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். படுத்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அதை அழுத்துவது, டாக்டர் சரி என்றால் முழங்காலை மடித்து இடுப்பை லேசாகத் தூக்குவது, இவற்றைச் செய்ய வையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரி, ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

கால் மணி நேரம் ஆடாமல் உட்கார்ந்துவிட்டார் என்றால் கட்டிலை ஒட்டி ஒரு கமோடு சேரைப் போடுங்கள். என்னைக் கேட்டால் இருக்கிற பயிற்சிகளிலேயே உருப்படியானது அதுதான்: எழுந்து, வாக்கரைப் பிடித்து, ஒரு அடி திரும்பி, உட்காருவது. ஒரு நாளைக்கு நாலு தரம் அதைச் செய்தால் கால் தானாகப் பலப்படும், மலச்சிக்கல் குறையும், டயபரும் மெல்லக் கழன்றுவிடும். ஈர டயபர்தான் அந்தப் புண்ணுக்கு உரம்.

மூத்திர டியூப் ஏன் இன்னும் இருக்கிறது? ஆபரேஷனுக்காகப் போட்டது, எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை, இப்படித்தான் பல வீடுகளில் நடக்கிறது. எடுக்கலாமா என்று கேளுங்கள், உங்கள் கையால் உருவிவிடாதீர்கள், உள்ளே பலூன் இருக்கிறது. ராத்திரி சத்தத்துக்கும் இதற்கும்கூடத் தொடர்பு இருக்கலாம். சிறுநீரில் கிருமித் தொற்று, கல் மாதிரி இறுகிய மலம், வலி, இந்த மூன்றுமே வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கொண்டுவரும். நாலைந்து நாள் மலம் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அதைப் பேதி என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், அடைப்பைச் சுற்றி வழிகிற தண்ணீர் அது. டாக்டரைப் பார்க்காமல் தூக்க மாத்திரை வேண்டாம். கையைக் கட்டிலோடு கட்டிப் போடவும் வேண்டாம். கட்டில் பின்னறையில் இருந்தால் முன்னறை ஜன்னல் பக்கம் போடுங்கள், கண்ணாடியை மாட்டிவிடுங்கள், பகலில் நாலு பேர் வந்து பேசட்டும்.

சாப்பாட்டில் கஞ்சி தவறில்லை, கஞ்சி மட்டும் என்பதுதான் தவறு. இந்த மாதிரி உடம்பு தேறவும் புண் ஆறவும் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 45 கிலோ இருப்பவருக்கு 54 கிராமாவது ஆகும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். ஆக முட்டை, கெட்டியான பருப்பு, தயிர், மசித்த சுண்டல், முள் எடுத்த மீன் என்று வேளைக்கு ஒன்றாவது உள்ளே போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டர் சொல்லும் அளவு. படுத்த வாக்கில் ஊட்டவே கூடாது, நிமிர்த்தி உட்கார வைத்து, சின்ன ஸ்பூனால், விழுங்கிவிட்டாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுங்கள். சாப்பிட்டதும் இருமல் வந்தாலோ குரல் கரகரத்தாலோ உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்று அர்த்தம். காலையும் ராத்திரியும் வாயைச் சுத்தம் செய்துவிடுங்கள், நிமோனியாவைத் தடுக்க அது நிஜமாகவே உதவும்.

நடப்பாரா என்று கேட்டீர்கள். விழுவதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்பதை வைத்துத்தான் இதைச் சொல்ல முடியும். அந்த வகையில் கடைக்கும் கோயிலுக்கும் போய்க்கொண்டிருந்தவர் என்பது அத்தைக்குச் சாதகம். தானாக உட்கார்ந்து, கமோடுக்கு மாறி, வாக்கரோடு வீட்டுக்குள் நடப்பது எட்டக்கூடிய தூரம்தான், ஆனால் வாரங்கள் இல்லை, மாதங்கள் ஆகும். பழையபடி துணையில்லாமல் கோயிலுக்குப் போவாரா என்றால், இடுப்பு முறிந்தவர்களில் நிறைய பேர் அந்தப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சாதாரணமாக வழுக்கி விழுந்ததற்கே முறிந்திருக்கிறது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது, அதற்கான மருந்தையும் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், அடுத்த இடுப்பையாவது காப்பாற்ற வேண்டும்.

ஆயா வைப்பதாக இருந்தால் ராத்திரிக்கு வையுங்கள், உங்கள் தூக்கத்துக்காக. திருப்பிப் போடத் தெரியுமா, நேரத்தை எழுதி வைப்பாரா என்று கேட்டுவிட்டு வையுங்கள். அதற்கு முன்னால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மக்களைத் தேடி மருத்துவத்தில் அத்தையின் பெயரைப் பதியுங்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. சர்க்கரை, பி.பி. மாத்திரை மட்டும்தான் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட்டும் நோய்த்தணிப்பு நர்ஸும் வருவதும் அதில் உண்டு, பணம் கிடையாது. முதியோர் உதவி எண் 14567, வேறு குழப்பம் இருந்தால் அதில் கேட்கலாம்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். அத்தை வருகிறார், நாத்தனார்கள் வருகிறார்கள், நீங்கள் வருகிறீர்கள். உங்கள் கணவர் ஒரு வரியில்கூட வரவில்லை. டயபர் மாற்றக் கூச்சமாக இருக்கலாம், சரி, வேட்டியின் மறுமுனையைப் பிடிக்க என்ன கூச்சம்? வேலைக்குப் போகும் முன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம், படுக்கப் போகும்போது ஒரு தரம் அம்மாவைத் திருப்பி உட்கார வைப்பது மகனின் வேலை. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்தது, அதில் பிள்ளைகள் என்று மகனையும் மகளையும் பேரன் பேத்திகளையும் சொல்லியிருக்கிறார்கள், மருமகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கேஸ் போடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் காலையில் சீக்கிரம் வந்து குளிக்க வைத்துவிட்டுப் போகட்டும், வர முடியாதவர்கள் ஆயா சம்பளத்தில் பங்கு தரட்டும்.

தலைக்குத் தாராளமாக ஊற்றலாம். தையல் ஆறிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்த கமோடு சேரில் உட்கார வைத்து, சக்கரத்துக்குப் பிரேக் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர். டியூப் இன்னும் எடுக்கவில்லை என்றால் பையை இடுப்புக்குக் கீழேயே தொங்கவிடுங்கள். துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் ஈரம் நிற்கக் கூடாது. அந்த வழுக்குகிற தரையில் முதலில் ஒரு ரப்பர் பாயைப் போடுங்கள், சுவரில் கைப்பிடியும் வைத்துவிடுங்கள்.