பட்ட நூலில் தொடங்கும் பாலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2022 இல் துருக்கியில் திறந்த தொங்குபாலத்தின் படத்தை எங்கள் விஞ்ஞான ஆசிரியர் காட்டினார். இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே இரண்டு கிலோமீற்றருக்கு மேல் கடல். முதல் கயிற்றை அக்கரைக்கு எப்படிக் கொண்டுபோவார்கள்?
– தரம் 10 மாணவன், வல்வெட்டித்துறை

பதில்: தம்பி, இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். பட்டம் விடுகிற ஊர் அல்லவா?

1848 இல் நயாகரா ஆற்றின் மேல் தொங்குபாலம் கட்டச் சார்ள்ஸ் எலெட் என்ற பொறியியலாளர் வந்தார். இரு பக்கமும் செங்குத்தான பாறை. கீழே சுழித்து ஓடும் தண்ணீர். படகில் கயிறு கொண்டுபோக வழியில்லை. பட்டம் ஏற்றி நூலை மறுகரையில் சேர்ப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஹோமன் வோல்ஷ் என்ற சிறுவன், காற்று வாகாக வீசுவது கனடாக் கரையிலிருந்துதான் என்று கணித்து, ஆற்றைக் கடந்து அங்கே போய்ப் பட்டத்தை ஏற்றினான். நூல் பனிக்கட்டியில் உரசி அறுந்தது. ஆற்றில் பனிக்கட்டி நெருங்கிப் படகும் நின்றுவிட்டதால் எட்டு நாள் வீடு திரும்ப முடியவில்லை. பிறகு பட்டத்தைத் திருத்தி மறுபடி ஏற்றி, நூலைச் சேர்த்தேவிட்டான். அந்த நூலில் தடித்த நூலைக் கட்டி இழுத்தார்கள்; அதில் கயிறு, கயிற்றில் கம்பிவடம். முச்சை கட்டவும் காற்றுப் பார்க்கவும் தெரிந்த பிள்ளை. பொங்கலன்று உங்கள் கடற்கரையில் நின்றிருந்தால் அவனை யாரும் வெளியூரான் என்று சொல்லமாட்டார்கள்.

இன்றைக்கும் முறை இதுதான். பட்டத்தின் வேலையைப் படகோ ஹெலிகொப்டரோ செய்கிறது. ஜப்பானின் அகாஷி கைக்கியோ பாலத்துக்கு 1993 இல் ஹெலிகொப்டர்தான் முதல் கயிற்றைக் கடத்தியது. அதன் பெரிய வடம் ஒவ்வொன்றிலும் 36,830 கம்பிகள். ஒரு கம்பியின் விட்டம் 5.23 மில்லிமீற்றர், உங்கள் பென்சிலை விட மெல்லியது. எல்லாம் சேர்ந்தால் ஒரு மீற்றருக்கு மேல் பருமன். வடம் கட்டி முடித்து, வீதியைத் தொங்கவிடத் தொடங்குமுன் 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் வந்து, கோபுரங்களைக் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் விலக்கிவிட்டது. கணக்கைத் திருத்திக்கொண்டு கட்டினார்கள். 1998 இல் திறந்தார்கள். 1991 மீற்றர் இடைவெளி. அதைத் தாண்டியதுதான் உங்கள் ஆசிரியர் காட்டிய சானக்கலே பாலம்: 2023 மீற்றர். துருக்கிக் குடியரசின் நூறாவது ஆண்டைக் குறிக்க அந்த எண்ணை வைத்தார்கள்.

வடம் ஏன் தொய்ந்து தொங்குகிறது என்றும் கேட்பீர்கள். முற்றத்துக் கொடிக் கயிற்றில் ஈரச் சாரத்தைப் போட்டுப் பாருங்கள். கயிற்றை எவ்வளவு நேராக இழுத்துக் கட்டுகிறீர்களோ, அவ்வளவுக்குக் கட்டைகள் உள்ளே சாயும். கொஞ்சம் தொய்ய விட்டால் கயிறும் பிழைக்கும், கட்டையும் பிழைக்கும்.

கேள்வி: சங்குப்பிட்டியில் ஏன் தொங்குபாலம் கட்டவில்லை?
– வாசகர், பூநகரி

பதில்: தேவையில்லை. அங்கே கடல்நீரேரி ஆழம் குறைவு, பெரிய கப்பல் போவதில்லை, பாலத்தின் நீளம் 288 மீற்றர். தூண் நட முடிந்த இடத்தில் தூண் நடுவதே மலிவு. சானக்கலேயில் கருங்கடலுக்குப் போகும் கப்பல்களுக்கு வழி விடவேண்டும்.

2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலத்தைத் திறந்து சில நாளில் நான் சைக்கிளில் போனேன். சிறுவயதில் அப்பாவோடு கேரதீவுக் கரையில் பாதைக்காக, அதாவது அக்கரைக்குக் கடத்தும் மிதவைக்காக, காத்து நின்று, முகமெல்லாம் உப்புப் படிந்த ஞாபகம் எனக்கு. பாலத்தின் நடுவில் ஒரு பெரியவர், கரியரில் அரை மூட்டை மொட்டைக்கறுப்பன் அரிசியோடு சைக்கிளை நிறுத்திவிட்டுக் கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களும் பாதையில் போனவரோ?" என்று கேட்டார். ஆம் என்றேன். அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பாலத்தைத் தொங்குபாலத்துக்கு ஒரு படி கீழே வைக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: மாணவர்களைப் பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறோம். அங்குள்ள தொங்குபாலம் ஆடுமாமே. நாற்பது பிள்ளைகளை ஒன்றாக ஏற்றலாமா?
– ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: வேண்டாம் அம்மா. மாணவனாகப் பேராதனையில் படித்த காலத்தில் அந்தப் பாலத்தில் பலமுறை நடந்திருக்கிறேன். எதிரே ஒருவர் ஏறினாலே உள்ளங்காலுக்குத் தெரியும்.

ஆடுவது மட்டும் குற்றமில்லை. ஆட்டத்துக்கு ஏற்ப ஆட்கள் நடக்கத் தொடங்குவதுதான் சிக்கல். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகில் நின்று பாருங்கள். படகு சாய்ந்ததும் அத்தனை பேரும் ஒரே பக்கம் கால் ஊன்றுவார்கள். 2000 ஜூன் 10 இல் இலண்டனில் திறந்த மிலேனியம் நடைபாலத்தில் நடந்தது அதுவே. பக்கவாட்டில் ஆட, சனம் அதே தாளத்தில் கால் வைக்க, ஆட்டம் கூடியது. இரண்டே நாளில் மூடினார்கள். அதிர்வைத் தணிக்கும் கருவிகள் பூட்டி 2002 இல்தான் மறுபடி திறந்தார்கள். ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை, ஏனென்றால் மூடவேண்டிய நேரத்தில் மூடினார்கள்.

குஜராத்தின் மோர்பியில் அப்படி நடக்கவில்லை. பழைய தொங்குபாலத்தைத் திருத்தினோம் என்று 2022 ஒக்டோபர் 26 இல் திறந்தார்கள். 30 ஆம் திகதி மாலை அது சனத்தோடு ஆற்றில் விழுந்தது. 130 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் எத்தனையோ குழந்தைகள். அறுந்த வடத்தின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருவேறியிருந்ததாக விசாரணை சொன்னது. அகாஷியில் வடத்துக்குள் ஈரம் தங்காதபடி உலர்ந்த காற்றை ஊதுகிறார்கள். உப்புக்காற்றில் யன்னல் கம்பி என்ன ஆகும் என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மோர்பியில் அதைப் பார்க்காமல் டிக்கெட் விற்றிருக்கிறார்கள். அந்தச் செய்தியை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே, பூங்கா ஊழியர் சொல்லும் எண்ணிக்கைக்கு மேல் ஒரு பிள்ளையையும் ஏற்றாதீர்கள். குதிக்கவோ ஆட்டவோ விடாதீர்கள். நீங்கள் இக்கரையில் நில்லுங்கள், உங்களோடு வரும் ஆசிரியர் அக்கரையில் நிற்கட்டும். முன்னால் போனவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று அவர் கை காட்டிய பிறகு அடுத்தவர்களை அனுப்புங்கள்.