எஸ்.ஜி.பி.டி. நார்மலுக்கு வந்துவிட்டது, ஈரல் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: தக்கலை பக்கம் இருக்கிறோம் டாக்டர். அம்மாவுக்கு 47 வயது, எடை 58 கிலோ. மூன்று வருடம் முன்பு மஞ்சள் காமாலை வந்தது. திருவனந்தபுரத்தில் பயாப்ஸி எடுத்துப் பார்த்து ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் என்றார்கள். முதலில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கடந்த ஒன்றரை வருடமாக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோபிரின் 50 மி.கி. மட்டும்தான். எஸ்.ஜி.பி.டி. நார்மலாகவே இருக்கிறது. “நோய்தான் போயாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை? கீழாநெல்லியும் சீந்தில் கொடியும் போட்டு கஷாயம் குடிச்சா போதும்” என்கிறார் சித்தி. நிறுத்தலாமா? கடைசி ரிப்போர்ட்டை அனுப்பியிருக்கிறேன். மகளான எனக்கும் இது வருமா?

பதில்: இப்போது நிறுத்த வேண்டாம். அதற்கான காரணம் நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது.

அதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரல் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் ஏறும் நொதியான எஸ்.ஜி.பி.டி. 36, லேப் போட்டிருக்கும் மேல் எல்லை 40. அதனால்தான் தடித்த எழுத்து இல்லாமல் வந்திருக்கிறது, எல்லோரும் நிம்மதியாகிவிட்டீர்கள். சரி, இன்னும் கொஞ்சம் கீழே வாருங்கள். மொத்தப் புரதம் 8.4, அல்புமின் 3.9. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் குளோபுலின் 4.5. அது சுமார் 3.5-க்குள் இருக்க வேண்டும். இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் ஈரலையே அன்னியமாக நினைத்துத் தாக்குகிறது. அப்போது ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதம் அதிகமாகச் சுரக்கும். குளோபுலின் ஏறியிருப்பதற்கு அது காரணமாக இருக்கலாம். ஈரல் சுருக்கம் இருந்தாலும் குளோபுலின் ஏறும் என்பதால் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். ஐ.ஜி.ஜி. அளவைத் தனியாகப் பார்த்த ரிப்போர்ட் நீங்கள் அனுப்பியதில் இல்லை. முதலில் அதைச் செய்யுங்கள். கூடவே, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஃபைப்ரோஸ்கேன் ஒன்றும்.

இந்த நோயில் ‘அடங்கிவிட்டது’ என்று சொல்ல எஸ்.ஜி.பி.டி., அதைப் போன்ற இன்னொரு நொதியான எஸ்.ஜி.ஓ.டி., ஐ.ஜி.ஜி. மூன்றும் நார்மலாக இருக்க வேண்டும். மூன்றும் அப்படியே இரண்டு வருடமாவது நீடித்த பிறகுதான் நிறுத்துவதைப் பற்றிப் பேச்சே எடுப்போம்.

அப்படிக் காத்திருந்து நிறுத்தினால்கூட என்ன ஆகிறது என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. நெதர்லாந்தில் நோய் அடங்கியிருந்த 131 பேருக்கு மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ பார்த்த அனுபவம் 2013-ல் வெளியானது. மூன்று வருடத்துக்குள் பத்தில் எட்டுப் பேருக்கு மறுபடி மருந்து தொடங்க வேண்டியிருந்தது. 2015-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் குழு ஆளைத் தேர்ந்தெடுத்து நிறுத்தியது. அந்த 28 பேரில் 15 பேர் மருந்தில்லாமல் நன்றாகவே இருந்தார்கள். அப்படி இருந்தவர்களுக்கு நிறுத்தும்போது எஸ்.ஜி.பி.டி. மேல் எல்லையில் பாதிக்கும் கீழே இருந்தது, ஐ.ஜி.ஜி. லிட்டருக்கு 12 கிராமைத் தாண்டவில்லை. 40 எல்லையென்றால் 20-க்குக் கீழே. அம்மாவின் 36 அந்தக் கணக்கில் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அசதயோபிரினைப் பொதுவாக எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. வரை கொடுப்போம். அம்மாவின் 50 மி.கி. அந்த அளவுக்கும் கொஞ்சம் கீழே இருக்கிறது. 1995-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனைக் குழு ஸ்டீராய்டை முழுதாக நிறுத்தி, கிலோவுக்கு 2 மி.கி. அசதயோபிரினில் மட்டும் 72 பேரை வைத்துப் பார்த்தது. 60 பேருக்கு நோய் அடங்கியே இருந்தது. ஐ.ஜி.ஜி. கூடுதலாக வந்தால் உங்கள் டாக்டர் மாத்திரையைக் கூட்டச் சொன்னாலும் சொல்லலாம். பயப்பட வேண்டாம். கூட்டுவதற்கு முன்பு இரத்த அணுக்களின் எண்ணிக்கையும், என்.யு.டி.டி.15 என்ற மரபணுப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த மருந்தில் வெள்ளை அணுக்கள் திடீரென்று சரியும். அந்த மாற்றம் நம் நாட்டவரிடம் அபூர்வம் அல்ல.

புது மருந்து ஏதும் உண்டா என்றால், மைக்கோஃபீனோலேட் இருக்கிறது. நோயை ஆரம்பத்தில் அடக்குவதில் அது அசதயோபிரினைவிட நன்றாக வேலை செய்வதாக 2024-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. ஆனால் கருவைப் பாதிக்கும் மருந்து அது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு மிகக் கவனமாகவே எழுதுவோம்.

சித்தி மீது கோபப்படாதீர்கள். கீழாநெல்லிக்குப் பெயர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தண்ணீர் மூலம் பரவும் சாதாரணக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். அந்தச் சமயத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பேர். அம்மாவின் நோய் தானாகப் போகிற வகை இல்லை. 1970-களுக்கு முந்தைய நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும். அந்தக் கால ஆய்வுகளில், கடுமையான நோய் இருந்தும் ஸ்டீராய்டு கிடைக்காதவர்களில் பத்தில் நான்கு பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். அந்த முடிவை மாற்றியது அம்மா முதலில் குடித்த அதே மலிவான ஸ்டீராய்டு மாத்திரைதான்.

சீந்தில் கொடி விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: வேண்டாம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று அதைக் குடித்து ஈரல் பாதிக்கப்பட்ட 43 பேரைப் பற்றி இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2022-ல் எழுதின. பலருக்கு வந்தது அம்மாவின் நோயைப் போன்ற பாதிப்பு. சிலருக்கு உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அதே நோய் கிளம்பியது. மலையாளத்தில் இதற்குச் சிற்றமிர்து என்று பெயர். அமிர்தாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்திலும் இது உண்டு. நம் மாவட்டத்தில் வைத்தியசாலை இல்லாத சந்தையே கிடையாது, ஆகவே பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். குழம்பில் போடும் மஞ்சளால் ஒன்றும் இல்லை. மஞ்சள் சத்தை நல்லமிளகுடன் அடைத்து விற்கும் கேப்சூல் மட்டும் கூடாது. மரச்சீனியும் மீன்கறியும் தாராளமாகச் சாப்பிடட்டும்.

ரிப்போர்ட்டில் யூரிக் ஆசிட் 7.2 என்று இருப்பதையும் கவனித்தேன். மூட்டு வலிக்கிறது என்று அம்மா பக்கத்து கிளினிக்கில் காட்டினால் யூரிக் ஆசிடைக் குறைக்க அலோபியூரினால் அல்லது ஃபெபுக்ஸோஸ்டாட் எழுதக்கூடும். இரண்டுமே அசதயோபிரின் உடம்பில் சிதைவதைத் தடுத்து, எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் அசதயோபிரின் சீட்டை முதலில் நீட்டச் சொல்லுங்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் திருவனந்தபுரம் ஓட வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈரல் பரிசோதனையையும் அணு எண்ணிக்கையையும் நாகர்கோவிலிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஒரே லேபில் எடுப்பது நல்லது, எண்களை ஒப்பிட முடியும். மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் இடைவெளி விழுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தொல்லை. திருவிழா, கல்யாணம் என்று ஊருக்குப் போகும்போது ஒரு அட்டை கூடுதலாகக் கையில் இருக்கட்டும். நோய் திரும்பும்போது பெரும்பாலும் உடம்பு எதையும் காட்டாது. காமாலை தெரியும்போது ஈரலில் புதிய தழும்பு விழுந்திருக்கும்.

உங்களுக்கும் இது வருமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். தாய்க்கு இருப்பதால் மகளுக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இதற்கென்று தனிப் பரிசோதனை தேவையில்லை. வேறு காரணத்துக்காக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. கூடுதலாக வந்தால் அப்போது அம்மாவின் நோயைப் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள்.