பாகவதர் படங்கள் தந்தவை

அன்புள்ள ஐயா,

பாடகராகவும் நடிகராகவும் விளங்கிய தியாகராஜ பாகவதர் காலத்துப் படங்களை நீங்கள் உயர்த்தி எழுதியிருந்தீர்கள். அவற்றில் கதை சொற்பம், நடிப்பு அதனினும் சொற்பம். பாகவதர் கிராப்பையும் ரசிகர் கூட்டத்தையும் தவிர அவை நமக்கு எதைத் தந்தன? பின்னணிப் பாடல் வந்ததும் எல்லாம் முடிந்துபோகவில்லையா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

நடிப்பைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. பாடத் தெரிந்தவரே நடிக்கலாம் என்றிருந்த காலத்தின் குறை அது. ஆனால் அப்படங்களின் கொடையைச் செவியில்தான் தேட வேண்டும். கச்சேரி நடக்கும் சபாவுக்குப் போகப் பணமோ, அங்கே அமரத் தமக்கும் உரிமை உண்டு என்ற எண்ணமோ இல்லாத எளிய மக்களுக்கு, கோயில் நாகசுரமும் நாடக மேடையும் முன்பே ஓரளவு பழக்கியிருந்த ராகங்களைக் கொட்டகையின் தரை டிக்கெட்டும் இசைத்தட்டும் மனப்பாடமாகும் அளவுக்குக் கொண்டுசேர்த்தன.

பாகவதர் நடித்து 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டதைப் பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதில் வரும் 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' என்ற பாட்டு. அது சாருகேசி; பூர்வாங்கம் என்னும் முற்பாதியில் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களும் உத்தராங்கம் என்னும் பிற்பாதியில் தோடி ராகத்தின் ஸ்வரங்களும் சேர்ந்த ராகம். கச்சேரிகளில் அன்று அரிதாகவே ஒலித்த அந்த ராகத்தின் மலர்ச்சியும் ஏக்கமும், பெயரே அறியாதவர்களின் வாயில் பாட்டாகப் புழங்கின. இலக்கணம் தெரியாமல் ராகம் பிடிபடாது என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டுமென்று தமிழிசை இயக்கம் போராடிய அதே ஆண்டுகளில், பாகவதர் படங்களுக்குப் பாட்டெழுதிய பாபநாசம் சிவனின் தமிழ் வரிகளைத் திரையில் கேட்டவர்கள் வீட்டிலும் வயலிலும் அவற்றைப் பாடிக்கொண்டிருந்தார்கள். தமிழில் ராகபாவம், அதாவது ராகத்தின் உணர்வு, நிற்குமா என்ற ஐயம் அவர்களுக்கு எழவே இல்லை.

பின்னணிப் பாடல் வந்தபின் நடிகரும் பாடகரும் பிரிந்தார்கள் என்பது உண்மை. ஆயினும் 1945இல் வெளிவந்த 'மீரா'வுக்குக் கல்கி எழுதிய 'காற்றினிலே வரும் கீதம்', அதுவே எம்.எஸ். சுப்புலட்சுமியின் கடைசித் தமிழ்ப் படமாக அமைந்த பின்னும், அவருடைய கச்சேரிகளில் ஒலித்தது. திரைக்காக எழுதப்பட்ட பாட்டை அவர் சபா மேடையிலேயே பாடினார். சபையும் அதை விரும்பிக் கேட்டது.