இனயமா, குமரியா, தூத்துக்குடியா?

துறைமுகங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் கிளியரிங் தொழிலிலேயே இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: சார், நான் பள்ளியில் படிக்கும்போது இனயத்தில் பெரிய கன்டெய்னர் துறைமுகம் வரப்போகிறது என்றார்கள். இயற்கையிலேயே ஆழமான கடல், சர்வதேசக் கப்பல் பாதை பக்கத்திலேயே இருக்கிறது என்றெல்லாம் சொன்னார்கள். பிறகு ஏன் கைவிட்டார்கள்? நல்ல வாய்ப்பை இழந்துவிட்டோமா?
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, ஆழத்தைப் பற்றிச் சொன்னதில் பொய்யில்லை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் கடல் சீக்கிரமே ஆழமாகிவிடும். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் கப்பல் பாதையும் அதிக தூரமில்லை. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்ததும் இதையெல்லாம் வைத்துத்தான். சென்னை, எண்ணூர், தூத்துக்குடி ஆகிய மூன்று துறைமுகங்களும் சேர்ந்து நடத்துவதாக ஏற்பாடு. மதிப்பீடு 25,000 கோடி ரூபாய்க்கு மேல்.

ஆழம் கப்பலுக்கு வேண்டியது. பெட்டிக்கு, அதாவது கன்டெய்னருக்கு, வேண்டியது நிலம். ஒரு பெரிய கப்பல் வந்து ஆயிரக்கணக்கில் பெட்டிகளை இறக்கினால், அவற்றை அடுக்க யார்டு வேண்டும். காலிப் பெட்டிகளுக்குத் தனி இடம், குளிர்பதனப் பெட்டிகளுக்கு மின்சாரம் உள்ள இடம், கஸ்டம்ஸ் ஸ்கேனருக்கு இடம், டிரெய்லர்கள் வரிசையில் நிற்க இடம் என்று போய்க்கொண்டே இருக்கும். இனயம் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கடலை ஒட்டியே வீடுகள், தேவாலயம், கல்லறைத் தோட்டம், அதற்குப் பின்னால் தென்னந்தோப்பு. ஓர் ஊர் முடிகிற இடத்தில் அடுத்த ஊர் தொடங்கிவிடும். அதனால்தான் கடலைத் தூர்த்து நிலம் எடுப்பதாகத் திட்டம் போட்டார்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கரையில் அலை நேராக வந்து அடிக்கும். அதைத் தாங்க நீளமான அலைத்தடுப்புச் சுவர் வேண்டும், அதற்கு மலைமலையாகக் கல் வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு மூன்று கிலோமீட்டர் அளவுள்ள சுவரைக் கட்ட அவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். 2017 ஒக்கிப் புயல் கட்டிய பகுதியிலேயே ஒரு பங்கைக் கொண்டுபோனது. கல் கிடைக்காமல் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. நெல்லை, குமரி மாவட்டக் குவாரிகளிலிருந்து லாரி லாரியாகக் கல் எல்லை தாண்டிப் போனதை உங்கள் ஊர் வழியாகவே பார்த்திருப்பீர்கள். இனயத்துக்கும் கல் அதே மலைகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது வேறு. விழிஞ்ஞத்துக்கு 2015 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டு, டிசம்பரில் வேலையே தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு, கடல் வழியே சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி, நெடுந்தூரம் ஓடும் அதே பெரிய தாய்க்கப்பல்களை நம்பி இன்னொரு துறைமுகம். யார் பணம் போடுவார்கள்? இனயத்தில் எதிர்ப்பு வலுத்ததும் இடத்தைக் கன்னியாகுமரிக்கு அருகே உள்ள கோவளம்–கீழமணக்குடி பக்கம் மாற்றினார்கள். அங்கேயும் அதே மீனவ ஊர்கள்தான், அதே போராட்டம்தான். 2021 தொடக்கத்தில் பேச்சு மறுபடி கிளம்பி, அதுவும் அடங்கிப்போனது. வாய்ப்பை இழந்ததாக நான் நினைக்கவில்லை, தம்பி. அந்தக் கரையில் கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் சொன்னது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் பனியன் சரக்கு தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் இறங்கி, வேறு கப்பலில் ஏறித்தான் ஐரோப்பா போகிறது. இப்போது விழிஞ்ஞம் வந்துவிட்டதே, சரக்கை அங்கே கொண்டுபோகலாமா? எந்தத் துறைமுகம் எங்களுக்கு உண்மையில் உதவும்?
– ஏற்றுமதி நிறுவன மேலாளர், திருப்பூர்

பதில்: உங்கள் பெட்டி போகும் வழியை மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஃபாக்டரியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, கதவைச் சாத்தி சீல் போடுவார்கள். டிரெய்லர் ராத்திரியோடு ராத்திரியாக மதுரை வழியாக இறங்கி விடியற்காலையில் தூத்துக்குடி வந்துவிடும். சீல் நம்பரும் கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் உள்ள நம்பரும் ஒத்துப்போக வேண்டும், ஓர் இலக்கம் மாறினாலும் கேட்டில் வண்டி நின்றுவிடும். கட்-ஆஃப் நேரத்துக்கு முன்னால் பெட்டி உள்ளே போனால்தான் அந்த ஃபீடர் கப்பலில், அதாவது தாய்க்கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் சின்னக் கப்பலில், இடம். கொழும்பு ஒரு ராத்திரி ஓட்டம்தான். அங்கே இறக்கி, தாய்க்கப்பல் வரும்வரை அடுக்கி வைத்து, பிறகு ரோட்டர்டாமுக்கோ ஹாம்பர்க்குக்கோ ஏற்றுவார்கள்.

சங்கடம் அந்தக் காத்திருப்பில்தான். ஒரு முறை கொழும்பில் தாய்க்கப்பலைத் தவறவிட்ட பெட்டி அங்கேயே கிடந்தது. கிறிஸ்துமஸ் ஆர்டர் தாமதமாகக் கூடாது என்று உங்கள் ஊர்க் கம்பெனி ஒன்று மீதிச் சரக்கை விமானத்தில் அனுப்பியது. அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் விமானக் கட்டணத்தில் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

கொழும்பு வழியாக ஏன் போகிறோம்? அரசுக் கணக்குப்படி, கப்பல் மாற்றி ஏற்றப்படும் இந்தியப் பெட்டிகளில் 75 சதவீதம் அளவுக்கு வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கைமாறுகின்றன. கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் கிளாங் ஆகிய மூன்றும் சேர்ந்து அதில் 85 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. கொழும்புக்காரர்கள் 2012இல் தெற்கே புதிய அலைத்தடுப்புச் சுவர் கட்டி முடித்தார்கள். அடுத்த ஆண்டே 18 மீட்டர் ஆழத்தில் ஒரு டெர்மினல் ஓடத் தொடங்கியது. ஆழத்தோடு இன்னொன்றும் அவர்களிடம் உண்டு. எந்தத் திசைக்கும் அடுத்தடுத்துக் கப்பல் கிடைக்கும். இன்று ஒரு கப்பல் தவறினால் நாலைந்து நாளில் இன்னொன்று வரும் என்ற நம்பிக்கையில்தான் கப்பல் கம்பெனிகள் அங்கே பெட்டியைக் கொட்டுகின்றன. கொச்சியில் வல்லார்பாடம் கன்டெய்னர் டெர்மினல் 2011இல் திறந்தபோது கொழும்புச் சரக்கெல்லாம் இங்கே திரும்பிவிடும் என்று பேசினோம். நடக்கவில்லை. அங்கே ஆழம் 14.5 மீட்டர்தான், அதையும் ஓயாமல் தூர்வாரித்தான் காப்பாற்ற வேண்டும். அந்தச் செலவு கட்டணத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

விழிஞ்ஞம் அப்படியில்லை. ஆழம் இயற்கையாகவே 18 முதல் 20 மீட்டர். 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாடு தொடங்கியது. 2025 ஜூனில் 24,346 பெட்டி கொள்ளளவுள்ள எம்.எஸ்.சி. ஐரினா என்ற கப்பல் வந்துபோனது. உலகிலேயே மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் அது ஒன்று. ஆனால் கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றும் இடமாகத்தான் அது உருவெடுத்திருக்கிறது. பலராமபுரம்வரை 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை திட்டமிட்டிருக்கிறார்கள், பெரும்பகுதி சுரங்கம். சாலையும் ரயிலும் முழுமையாக அமையும்வரை திருப்பூரிலிருந்து டிரெய்லரை அங்கே ஓட்டுவது உங்களுக்குக் கட்டாது. தூத்துக்குடியிலேயே ஏற்றுங்கள். ஃபீடர் கொழும்புக்குப் பதில் விழிஞ்ஞம் போனால் செலவு எவ்வளவு, நாள் எவ்வளவு என்று சரக்கை அனுப்பிவைக்கும் உங்கள் ஏஜென்டான ஃபார்வர்டரிடம் ஒவ்வொரு புக்கிங்கிலும் கேட்டுக்கொண்டே இருங்கள்.

கேள்வி: தேங்காப்பட்டணத்தில் மீன்பிடித் துறைமுகம் கட்டிய பிறகு முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்து எங்கள் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சின்னத் துறைமுகத்துக்கே இப்படியென்றால் பெரிய துறைமுகம் வந்தால் கரை என்ன ஆகும் அய்யா?
– பள்ளி ஆசிரியை, இரையுமன்துறை

பதில்: டீச்சர், இந்தக் கேள்வியைத்தான் இடம் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டும். கடற்கரை மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. அலை கரையில் சாய்வாக அடிக்கும்போது மணலைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போகும். நடுவில் கல்சுவர் போட்டால், வாய்க்காலில் மடை போட்ட மாதிரி ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் வற்றும். கிழக்குக் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா விரிந்ததும், வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரை தேய்ந்ததும் அதனால்தான். 1980களின் கடைசியில் துறைமுகம் கட்டிய பிறகு புதுச்சேரி நகரம் தன் மணற்பரப்பையே இழந்து கருங்கல்லைக் கொட்டிக்கொண்டது.

உங்கள் பக்கம் பருவத்துக்குப் பருவம் மணலின் திசை மாறும். அதனால் பாதிப்பு எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்வது இன்னும் கடினம். ஓர் ஊருக்குத் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர், போட்டால் அடுத்த ஊர் அரிக்கிறது, அவர்களும் வளைவு கேட்கிறார்கள். தேங்காப்பட்டணத்தில் வாசலிலேயே மணல் மேடிட்டு, அதன்மேல் அலை உடைகிறது. உள்ளே திரும்பும் வள்ளம் அந்த உடைப்பில் பக்கவாட்டில் திரும்பினால் கவிழ்ந்துவிடும். சுவரின் நீளமும் வாசலின் திசையும் கொஞ்சம் பிசகினாலும் உயிர் போகும். கட்டுவதற்கு முன் அந்தக் கடலில் தினமும் போய்வருகிறவர்களை உட்காரவைத்து வரைபடத்தைக் காட்டியிருக்க வேண்டும்.

விழிஞ்ஞத்துக்கு வடக்கே வலியதுறை, சங்குமுகம் கரைகள் அரித்துப்போனதற்குத் துறைமுகமே காரணம் என்று மீனவர்களும், புயலும் பருவநிலையும்தான் காரணம் என்று மறுதரப்பும் சொல்கிறார்கள். 2022இல் அதற்காக மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது. காரணம் எதுவானாலும் வீடிழந்தவர்களை முகாமிலும் கிடங்கிலும் வருடக்கணக்கில் வைத்திருந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆயிரம் கோடிக் கணக்கில் செலவிடுகிற திட்டத்தில் அவர்களுக்கு வீடுதான் முதல் செலவாக இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: தூத்துக்குடி வெளித்துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டார்கள். ஆனால் இங்கே கடல் ஆழமில்லை, அடியில் பாறை என்கிறார்களே?
– டிரெய்லர் உரிமையாளர், தூத்துக்குடி

பதில்: பாறைதான். 1974இல் திறந்த நம் துறைமுகமே ஆழமில்லாத கடலில் செயற்கையாகக் கட்டியது. வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய நாலு நாலு கிலோமீட்டருக்குக் கடலுக்குள் சுவர் போனதால்தான் கப்பல் அணைகிற ஆழம் கிடைத்தது. ஆழப்படுத்துவது இங்கே மணல் அள்ளுகிற வேலை இல்லை, பாறையை வெட்டுகிற வேலை.

அப்படியிருந்தும் என் ஓட்டு தூத்துக்குடிக்குத்தான். இங்கே பெட்டி ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது, ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கு மேல். திருப்பூர், கரூர், மதுரை, சிவகாசிச் சரக்கெல்லாம் இந்தப் பக்கம்தான் இறங்குகிறது. பஞ்சு, மரத்தடி, முந்திரி என்று இறக்குமதியும் இருப்பதால் வண்டி இரண்டு பக்கமும் லோடோடு ஓடும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்குவழிச் சாலை, ரயில், சி.எஃப்.எஸ். எனும் பெட்டிச் சரக்குக் கிடங்குகள், பழகின ஆட்கள் எல்லாம் இருக்கின்றன. இலங்கையின் மறைவில் இருப்பதால் குமரியின் மேற்குக் கரை அளவுக்குக் கடலும் சீறாது. 2024 செப்டம்பரில் திறந்த புதிய டெர்மினல் 14.2 மீட்டர் டிராஃப்ட் (கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் இறங்கும் ஆழம்) உள்ளது. நடுத்தரக் கப்பல் நேராக ஐரோப்பாவுக்கோ கிழக்கேயோ போக அது நல்ல தொடக்கம். 24,000 பெட்டிக் கப்பல் இங்கே வராது, வரவும் வேண்டாம்.

ஒரு கவலை உண்டு. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா நம் வாசலிலேயே தொடங்குகிறது. 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே மூழ்கிவிட்டன. ஊருக்குப் பக்கத்தில் உள்ள வான் தீவு தேய்ந்து தேய்ந்து, செயற்கைப் பவளப்பாறைக் கட்டமைப்புகளை இறக்கித்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வெளித்துறைமுகத்துக்குப் பாறை வெட்டும்போது கிளம்பும் கலங்கல் எந்தப் பக்கம் போகிறது என்பதை மாதாமாதம் அளந்து, மீனவர் சங்கங்களுக்கும் மக்களுக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும். துறைமுகத்தை ஆதரிக்கிற நாம்தான் இதைச் சத்தமாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: பெரிய நிகோபாரில் கலாத்தியா விரிகுடா, மகாராஷ்டிரத்தில் வாதவன் என்று புதிய துறைமுகத் திட்டங்களைச் சொல்கிறார்கள். இவற்றில் எது சரியான தேர்வு?
– வங்கி ஊழியர், சென்னை

பதில்: வாதவனில் கரைக்குப் பக்கத்திலேயே 20 மீட்டர் ஆழம், பின்னால் மும்பை, குஜராத் சரக்கு. 76,220 கோடியில் 2024 ஜூனில் ஒப்புதல் கிடைத்தது. சரக்குக் கணக்கில் நியாயமான இடம். ஆனால் 1,448 ஹெக்டேர் கடலைத் தூர்க்கிறார்கள். 1998இல் தகாணு சுற்றுச்சூழல் ஆணையம் இதே இடத்தில் துறைமுகம் கூடாது என்றது. அங்குள்ள மீனவர்களின் பயம் தீரவில்லை.

கலாத்தியாவை நான் ஆதரிக்க மாட்டேன். கப்பல் பாதைக்கு 40 கடல் மைல் என்பது உண்மைதான். ஆனால் பின்னால் சொந்தச் சரக்கு ஒரு பெட்டிகூட இல்லை. பெருந்தோல் ஆமைகள் முட்டையிடும் கரை அது. 2004 ஆழிப்பேரலை நிலநடுக்கத்தில் பக்கத்து இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது.

கேள்வி: பெரிய துறைமுகம் வேண்டாம், சரி. பழைய குளச்சல் துறைமுகத்தையாவது உயிர்ப்பிக்கலாமே?
– ஓய்வு பெற்ற தபால் ஊழியர், குளச்சல்

பதில்: 1741இல் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கரை உங்களுடையது. உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் குளச்சல் எப்போதும் திறந்த கடல்தான். கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, தோணியில் சரக்கை ஏற்றி இறக்கினார்கள். பெட்டிக் கப்பலுக்கு அது உதவாது. குளச்சலுக்குச் செலவிடப் பணம் இருந்தால் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போடச் சொல்லிக் கேளுங்கள். விசைப்படகுகள் நெருக்கமில்லாமல் கட்ட இடம், ஐஸ் பிளான்ட், மழைக்காலத்திலும் பயமில்லாமல் நுழைகிற வாசல். மனுவில் உங்கள் ஊர் விசைப்படகு சங்கத்தாரும் வள்ளக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நல்லது.