ஏழை மக்களுக்கு அடிப்படை மருத்துவம் கிடைக்க, இன்னும் நிறைய மருத்துவமனைகள் கட்டினால் போதுமா?

போதாது. கட்டடம் வேண்டும்தான். ஆனால் திறந்த பிறகும் அந்தப் பக்கம் வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும்.

நான் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை இலவசம். அப்படியும் பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். கேட்டால், "இங்கே வந்தால் அன்றைக்குக் கூலி போச்சு" என்பார்கள். அவர்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு புறநோயாளிப் பிரிவு திறக்கும், திரும்பி வருவதற்குள் மூடிவிடும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரிடம் "மாத்திரை தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால் அவர் மறுபடி வருவது சந்தேகம்தான். பக்கவாதம் வந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த நிலைக்கு வரவிடாமல் தடுத்திருக்கக்கூடிய மாத்திரை மிக மலிவானது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

யாருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று ஜூலியன் ட்யூடர் ஹார்ட் 1971-லேயே எழுதினார். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊரின் மருத்துவர் அவர். எழுதியதோடு நிற்கவில்லை. நோய் என்று வந்தவர்களுக்கு மட்டுமல்லாமல், தன் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். வராதவர்களையும் தேடிப் பிடித்தார்.

இதையே ஒரு நாடு முழுக்கச் செய்ய முடியுமா? பிரேசில் 1994-ல் குடும்ப சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், உதவியாளர், அப்புறம் அதே பகுதியில் குடியிருக்கும் சுகாதாரப் பணியாளர்கள் சிலர். சுமார் 3,000 பேருக்கு இப்படி ஒரு குழு. அந்தப் பணியாளர்கள், வீட்டில் நோயாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி, யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். என் பார்வையில் இந்தத் திட்டத்தின் உயிரே அவர்கள்தான்.

ஆனால் பல நாடுகளில் இந்த வேலையைச் செய்யும் பெண்களுக்கு, இது 'சேவை' என்று சொல்லி, சம்பளம் தராமல் ஊக்கத்தொகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது அநியாயம். எத்தியோப்பியா 2003-ல் கிராமங்களுக்கான சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஓராண்டு பயிற்சி கொடுத்து, அரசுச் சம்பளத்தில் பெண்களை அமர்த்தியது. ஏழை நாட்டாலும் அது முடிந்தது.

பணம் குறைவாக இருந்தால் எதில் தொடங்குவது? வாரத்தில் சில நாட்களாவது மாலையில் திறங்கள். நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுங்கள், கையிருப்பு தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிழைப்புக்காக ஊர் மாறி வந்தவரிடம் உள்ளூர் முகவரி கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். பழைய சீட்டைக் காட்டினாலே எந்த நிலையத்திலும் மாத்திரை கிடைக்க வேண்டும்.