அஸ்வகந்தாவா, ஐஸ் குளியலா, அம்மாவோட வயர்கூடையா?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் ஈரோட்டுல ஒரு தனியார் பைனான்ஸ் கம்பெனில வசூல் டீம்ல இருக்கேன், வயசு 33. மாசக் கடைசி வந்துட்டா மேனேஜர் ஒரு பக்கம் போன்ல கத்துவாரு, கட்ட முடியாதவங்க இன்னொரு பக்கம் அழுவாங்க, நடுவுல நாங்க. ஒரு வருஷமா ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயித்தக் கலக்குது. டாக்டர்கிட்ட போனேன், ஈசிஜி எல்லாம் நார்மல், டென்ஷன குறைச்சுக்கங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எப்படி குறைக்கறதுன்னு யாரும் சொல்லல.

மாத்திரைன்னா பயமா இருக்குக்கா. அதனால நெட்ல பாத்து அஸ்வகந்தா கேப்சூல் வாங்கி ரெண்டு மாசமா சாப்பிடறேன். ரீல்ஸ் பாத்துட்டு பக்கெட்ல ஐஸ் போட்டும் குளிச்சாச்சு. ஃப்ரெண்டு ஒருத்தன் காடு மலைன்னு ட்ரெக்கிங் போடாங்கறான், லீவு கிடைச்சாதானே. எங்கம்மா வயர்கூடை பின்னுவாங்க, அவங்க என்னடான்னா "போன நோண்டிட்டு இருக்கறதுக்கு வந்து உக்காந்து ரெண்டு முடிச்சு போடு, சரியாப் போயிரும்"னு சொல்றாங்க, எனக்கு சிரிப்புதான் வருது. டென்ஷன தாங்கற தெம்ப இயற்கையா கொண்டு வர முடியுமாக்கா, இல்ல இதெல்லாம் சும்மா யாவாரமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள தம்பி,

முதல்ல அம்மா சொன்னதுக்கு சிரிக்காதீங்க. நீங்க எழுதின லிஸ்ட்லயே உருப்படியான யோசனை அதுதான்னு எனக்கு தோணுது, ஏன்னு சொல்றேன்.

தெம்புன்னா டென்ஷனே வராம இருக்கறதுன்னு நெனச்சுட்டு இருக்கீங்க போல, அப்படி ஒரு உடம்பு யாருக்கும் கிடையாது. மேனேஜர் கத்தறாருன்னா அட்ரினலின்னு ஒரு ஹார்மோன் ஏறும், நெஞ்சு அடிக்கும், கொஞ்சம் பொறுத்து கார்டிசால்ங்கற இன்னொரு ஹார்மோன் ஏறும், ரத்தத்துல சர்க்கரை கூடும், செரிமானம் மெதுவாகும் (வயித்தக் கலக்கறதுலயும் இதுக்கு பங்கு இருக்கு). இது கோளாறே இல்ல, ஆபத்து வந்தா ஓடறதுக்கும் எதுத்து நிக்கறதுக்கும் உடம்பு ரெடியாகுது, அவ்வளவுதான். ஏறினது எறங்காம அங்கயே நிக்கறதுதான் பிரச்சனை. ஹான்ஸ் செல்யேன்னு ஒருத்தர் கனடாவுல, மான்ட்ரியல்ல, எலிகள வச்சு பாத்துட்டு 1936ல 'நேச்சர்' பத்திரிகைல ஒரு குட்டி கட்டுரை எழுதினாரு, குளிரோ காயமோ விஷமோ எதக் குடுத்தாலும் எலியோட உடம்பு ஒரே மாதிரிதான் பதறுது, கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்குது, விடாம குடுத்துட்டே இருந்தா கடைசில அசந்து போயிடுதுன்னு. இன்னிக்கு நாம ஸ்ட்ரெஸ் ஸ்ட்ரெஸ்னு பேசற பேச்செல்லாம் அங்க இருந்து வந்ததுதான். அதனால நீங்க பழக வேண்டியது எறங்கறதுக்கு. ராத்திரி மூணு மணிக்கு நெஞ்சு அடிக்குதுன்னா பகல்ல ஏறினது இன்னும் எறங்கலைன்னு அர்த்தம்.

இப்ப கூடைக்கு வர்றேன். நெதர்லாந்துல தோட்டம் போடற பழக்கம் இருக்கற 30 பேர கூப்பிட்டு, முதல்ல அவங்கள டென்ஷன் ஆக்கற மாதிரி ஒரு டெஸ்ட் வச்சு, அப்புறம் பாதிப்பேர அரை மணி நேரம் தோட்ட வேலை செய்ய விட்டாங்க, மீதிப்பேர உள்ள உக்காந்து புத்தகம் படிக்க விட்டாங்க. கார்டிசால் ரெண்டு பக்கமும் குறைஞ்சுது, ஆனா மண்ணக் கொத்தினவங்களுக்கு இன்னும் நல்லா குறைஞ்சுது, மனசும் பழைய நிலைக்கு வந்துடுச்சு. ஏற்கனவே தோட்டத்து மேல ஆசை உள்ளவங்கன்னா அப்படித்தானே வரும்னு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்விதான். 2016ல அமெரிக்கால ட்ரெக்ஸல் யுனிவர்சிட்டில களிமண்ணு, பேப்பர், ஸ்கெட்ச் பேனா எல்லாம் குடுத்து 39 பேர 45 நிமிஷம் இஷ்டத்துக்கு எதையாவது செய்யச் சொன்னாங்க, முக்கால்வாசிப் பேருக்கு கார்டிசால் குறைஞ்சுது, முன்ன பின்ன கைவேலை தெரியாதவங்களுக்கும்தான். இதெல்லாம் சின்ன சின்ன ஆராய்ச்சி, இத வச்சு மருந்துன்னு சொல்ல முடியாது. ஆனா முதல் உலகப் போர்ல குண்டு சத்தத்துல அரண்டு போன சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரில கூடை பின்னவும் தறி போடவும் சொல்லிக் குடுத்தாங்க, 1917லயே அமெரிக்கால இதுக்குன்னு ஒரு சங்கமும் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு ஆஸ்பத்திரில ஆக்குபேஷனல் தெரபின்னு போர்டு போட்டு இருக்கே, அதோட தொடக்கம் அதுதான். அங்கயும் கூடைதான் பாருங்க.

அதுல என்ன நடக்குதுன்னா, என் கணக்கு இது, ஆராய்ச்சி இல்ல, கை ரெண்டும் வேலைல இருக்கும், கண்ணு எண்ணிக்கிட்டு இருக்கும், சிவன் கண் டிசைன் போடறப்ப ஒரு வயர் மாறிட்டா அங்கயே பல்லக் காட்டிடும், அவுத்துட்டு திரும்பப் போடலாம், யாரும் கத்த மாட்டாங்க. அதவிட முக்கியம், கூடை முடியும். உங்க வேலை முடியவே முடியாத வேலை தம்பி, 31ந் தேதி நூறு சதவீதம் வசூல் காட்டினாலும் 1ந் தேதி காலைல திரும்பவும் பூஜ்யத்துல இருந்து ஓடணும், இப்படி ஒரு வருஷமா எதையுமே முடிக்காத ஒரு ஆளோட உடம்பு எப்ப ஓய்வுன்னு எத வச்சு தெரிஞ்சுக்கும் சொல்லுங்க? நெல்லிக்காய் டிசைன்ல ஒரு கூடைய அடி போட்டு, சுவர் ஏத்தி, கைப்பிடி கட்டி கீழ வைக்கறப்ப வர்ற நிம்மதிய எந்த கேப்சூலும் தராது. பிளைன் முடிச்சுலயே ஆரம்பிங்க, ஆம்பளைக்கு எதுக்குடா இதெல்லாம்னு யாராவது கேட்டா கேட்டுட்டுப் போறாங்க.

அம்மா பக்கத்துல உக்காந்து பின்னறதுல இன்னொரு லாபமும் இருக்கு, இதுக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகணும். ஜிம்பாப்வேல மனநல டாக்டருங்க ரொம்பக் கம்மி. டிக்ஸன் சிபாண்டான்னு ஒரு மனநல டாக்டர் 2006ல ஹராரேல ம்பாரேங்கற ஏரியால 14 பாட்டிங்களுக்கு பயிற்சி குடுத்து, கிளினிக் வாசல்ல மரபெஞ்ச் போட்டு உக்கார வச்சாரு. வர்றவங்க பாட்டிகிட்ட மனசுல இருக்கறத கொட்டணும், கொட்டின பத்து பிரச்சனைல ஒன்னே ஒன்ன எடுத்து அதுக்கு இந்த வாரம் என்ன செய்யலாம்னு ரெண்டு பேருமா யோசிக்கணும், வைத்தியம் அவ்வளவுதான். 573 பேர வச்சு முறையா சோதிச்சு 2016ல முடிவ வெளியிட்டாங்க, ஆறு மாசம் கழிச்சு, வழக்கமான கவனிப்பு கிடைச்சவங்கள்ல பாதிப்பேருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்துச்சு, பெஞ்சுல உக்காந்து பேசினவங்கள்ல 14 சதவீதம் பேருக்குதான் இருந்துச்சு. பெஞ்சுல பேசி முடிச்ச பொம்பளைங்க அப்புறம் குழுவா கூடி உக்காந்து என்ன பண்றாங்க தெரியுமா, பழைய பிளாஸ்டிக்க வச்சு பை பின்னறாங்க, பின்னிக்கிட்டே பேசறாங்க. மூஞ்சிக்கு நேரா உக்காந்து "எனக்கு மனசு சரியில்ல"ன்னு சொல்றது நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு ஜென்மத்துக்கும் வராது, கை வேலைல இருக்கறப்ப தலையக் குனிஞ்சுக்கிட்டே சொல்லிடலாம்.

மூச்சு பத்தி நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன், காசில்லாத விஷயம், அதுவும் உங்க விரல்லயே சரிபாத்துக்கலாம். மணிக்கட்டுல நாடியப் புடிச்சுக்கிட்டு மெதுவா மூச்ச இழுத்து மெதுவா விடுங்க, இழுக்கறப்ப துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடறப்ப கொஞ்சம் நிதானமாகும். வேகஸ்னு ஒரு நரம்பு இதயத்துக்குப் போடற பிரேக் அது. அதனால விடற மூச்ச நீட்டமா விடுங்க, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு போதும். ஸ்டான்ஃபோர்டுல 2023ல வெளியிட்ட ஒரு ஆராய்ச்சில தினமும் அஞ்சு நிமிஷம் இப்படி, ரெண்டு தடவையா இழுத்து ஒரே பெருமூச்சா விடறத ஒரு மாசம் பண்ணவங்களுக்கு தியானம் பண்ணவங்களவிட மனசு நல்லா இருந்துச்சு. மேனேஜர் போன வச்சதும் பைக்க ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் பண்ணிப் பாருங்க, ராத்திரி மூணு மணிக்குதான் முதல் தடவையா பண்ணுவேன்னா அப்ப கைகூடாது, பகல்ல பழகி வச்சிருக்கணும். அப்புறம், கலெக்‌ஷனுக்குப் போற எடத்துல எல்லாம் டீ குடிப்பீங்களே, காஃபைன் பாதியா குறையறதுக்கே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும், சாயங்காலம் ஆறு மணி டீ ராத்திரி பதினொரு மணிக்கும் பாதி உள்ளதான் இருக்கு. மதியத்தோட நிறுத்திக்கோங்க.

அஸ்வகந்தா நம்ம அமுக்கரா கிழங்குதான், சித்த வைத்தியத்துல ரொம்ப நாளா இருக்கறது. படபடப்பும் கார்டிசாலும் கொஞ்சம் குறையுதுன்னு சின்ன அளவுல ஆராய்ச்சிகள் இருக்கு, சும்மா யாவாரம்னு தள்ளிட மாட்டேன். ஆனா இயற்கைங்கறதாலயே ஆபத்தில்லன்னு நெனைக்காதீங்க, சில பேருக்கு இதனால கல்லீரல் பாதிச்சிருக்கு, தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்களும் கர்ப்பமா இருக்கறவங்களும் தொடவே கூடாது, டென்மார்க்ல 2023ல தடையே பண்ணிட்டாங்க. நீங்க சாப்பிடறத டாக்டர்கிட்ட சொன்னீங்களா? கண்ணு மஞ்சளாச்சு, ஒண்ணுக்கு கருமஞ்சளா போகுதுன்னா உடனே நிறுத்திட்டு போய் கல்லீரல் டெஸ்ட் எடுங்க. மாத்திரைக்கு பயந்துட்டு லேபிள்ல எழுதினது உள்ள இருக்கான்னே தெரியாத ஒரு கேப்சூல ரெண்டு மாசமா முழுங்கறீங்க, எனக்கு அதுதான் பயமா இருக்கு.

ஐஸ் குளியல் வேண்டாம், படபடப்பு இருக்கறவருக்கு நெஞ்ச இன்னும் அடிக்க வைக்கற வேலை எதுக்கு. இதே நெதர்லாந்துல 3000 பேர குளிக்கற குளியல பச்சத்தண்ணில முடிக்க வச்சுப் பாத்தாங்க, வேலைக்கு லீவு போடறது 29 சதவீதம் குறைஞ்சுது, ஆனா உடம்பு சரியில்லாம இருந்த நாளு குறையல. அதாவது ஜலதோஷத்தோடயே ஆபீசுக்கு போயிருக்காங்க! உங்க மேனேஜர் கண்ணுல இது பட்டுடாம பாத்துக்கோங்க.

மலைக்குப் போக லீவு இல்லன்னா வ.உ.சி. பூங்காவோ காவேரிக்கரையோ போதும். பென்சில்வேனியால ஒரு ஆஸ்பத்திரில பித்தப்பை ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 46 பேரோட ரெக்கார்ட எடுத்து ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர் 1984ல எழுதினாரு, ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க, வெறும் செங்கல் சுவர் தெரிஞ்சவங்களவிட சீக்கிரமா வீட்டுக்குப் போயிருக்காங்க, பலமான வலி மருந்தும் கம்மியாதான் கேட்டிருக்காங்க. படுக்கைல கெடந்து மரத்த பாத்ததுக்கே இவ்வளவுன்னா நீங்க நடந்தே போய் பாக்கலாம்.

இத்தனையும் ரெண்டு மூணு வாரம் பண்ணியும் தூக்கம் வரல, சாப்பாடு எறங்கல, வாழ்ந்து என்னன்னு தோணுதுன்னா மனநல டாக்டர பாருங்க, அவர் மாத்திரை குடுத்தா வெக்கப்படாம சாப்பிடுங்க. ராத்திரில தாங்க முடியலைன்னா 14416, டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச நம்பர், 24 மணி நேரமும் இருக்கும், தமிழ்லயே பேசலாம்.

கடைசியா உங்க வேலை. லண்டன்ல அரசாங்க ஊழியர்கள வருஷக்கணக்கா கவனிச்ச ஒயிட்ஹால் ஆராய்ச்சில, தன் வேலைல தனக்கு எந்தப் பேச்சுரிமையும் இல்லாத கீழ்மட்ட ஆளுங்களுக்குதான் இதய நோய் கூடுதலா வந்துச்சு, பெரிய பொறுப்புல இருந்த மேலதிகாரிகளுக்கு இல்ல. கூடையும் மூச்சும் உங்கள எறக்கி விடும், ஆனா மறுநாள் காலைல திரும்ப ஏத்தறது அந்த வேலைதான், அதையும் கொஞ்சம் அசைச்சுப் பாக்கணும். உங்க கைல ஒரு புடி இருக்கு. 2022 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் போட்ட சுற்றறிக்கைப்படி பாக்கிக்காக கடன் வாங்கினவங்களுக்கு காலைல எட்டு மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் ஏழு மணிக்கு அப்புறமும் போன் பண்ணவே கூடாது. அப்ப ஏழு மணிக்கு மேல உங்கள யாருக்கு போன் பண்ணச் சொல்றாங்க? அந்த சுற்றறிக்கைய பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க, டீம்ல இன்னும் ரெண்டு பேர சேத்துக்கிட்டு, ஏழு மணிக்கு ஆபீஸ் போன அணைச்சுக்கறோம்னு மேனேஜர்கிட்ட பதமா கேளுங்க. தனியா போய் கேக்க வேண்டாம். உள்ளயே வேற டிபார்ட்மென்ட் காலியிருக்கான்னும் விசாரிச்சு வைங்க, மார்ச் குளோசிங் நேரத்துல மட்டும் கேக்காதீங்க, அப்ப யாரும் காது குடுக்க மாட்டாங்க. என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா